மடத்துக்குள் ஓர் ஆண் குரல்

லோதி, புனித பெத்ரோனில்லா மடம்
1622 ஜனவரி 19

அன்புள்ள அர்செனியோ அண்ணாவுக்கு,

நீ அனுப்பிய பாட்டு மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. மடத்துத் தலைவி தாயார் கொலோம்பா உறையைப் பிரித்து, வழக்கம்போல் உன் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். இந்தக் கடிதத்தையும் அவர் படிப்பார். படிக்கட்டும். நான் சொல்லப்போவது அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை.

திருநாளன்று பாட்டைப் பாடினோம். பாடினோம் என்று சொல்வது பிசகு. சகோதரி ஆஞ்செலிகா பாடினாள். சகோதரி பிபியானா ஆர்கன் வாசித்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம், வெளிக்கோயிலில், ஊர் ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. எங்கள் முகத்தை அவர்கள் பார்க்க முடியாது, திரை போட்டிருக்கும். சுவரைத் தாண்டிப் போவது குரல் ஒன்றுதான். ஆஞ்செலிகாவின் குரல் ஊசி நூல் போல அந்தக் கம்பிகளுக்குள் நுழைந்து போயிற்று. பொறாமைப்படவில்லை என்று சொன்னால் அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும்.

ஆனால் தாளின் ஓரத்தில் நீ எழுதியிருந்தாயே, "ஆர்கன் பழுதானால் அடிவரியை என் தங்கை பாடிக்கொள்ளலாம்" என்று. அண்ணா, நான் உனக்கு மாற்று ஆர்கனா?

ஆண்கள் இல்லாத மடத்தில் ஆண்கள் பாட வேண்டிய தாழ்ந்த வரியை, இந்த அடிவரியை, யாராவது பாடித்தான் ஆகவேண்டும். நான் வந்த நாளிலிருந்து அது என் தலையில் விழுந்திருக்கிறது. நாலு பேர், எட்டு பேர் சேர்ந்து பாடும்போது வீட்டுக்கு அஸ்திவாரம் போல அடியில் கிடக்கிறேன். ஆஞ்செலிகா நல்லவள்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. "நீ வாயத் தெறந்தா பாதாளக் கதவு தெறக்குற மாதிரி இருக்குடி" என்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன்.

இப்போது எங்கும் இந்தப் புதுத் தினுசுப் பாட்டுத்தான். ஒரே குரல், கீழே ஆர்கன், அவ்வளவே. அதில் எனக்கு இடமே இல்லாமல் போயிற்று. என் குரலுக்கு ஒரு பாட்டு எழுதித் தா. வேறு யார் குரலுக்கும் பொருந்தாத ஒன்று. இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தும் கேட்கிறேன்.

உன் தங்கை,
தெயோதோரா


பெல்லானோ
பிப்ரவரி 11

அன்புத் தங்கை லிவியாவுக்கு,

(மடத்தில் உனக்கு என்ன பெயர் வைத்தாலும் எனக்கு நீ லிவியாதான். தாயார் கொலோம்பா மன்னிக்க வேண்டும்.)

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அப்பா ஏரியில் படகிலிருந்து கூப்பிடும்போது நீயும் கரையிலிருந்து பதில் கூப்பிடுவாய். எதிர்க்கரையில் துணி துவைக்கும் பெண்கள் "யாரு, ரெண்டு படகா வருது?" என்று கேட்பார்கள். அந்தக் குரலுக்கு நான் பாட்டு எழுத வேண்டுமா? கன்னிமடத்தில், திருநாளன்று, ஊரே கேட்கும்படி?

சிரிப்பை விடு. தொழிலாகவே பேசுகிறேன். இந்தப் புதுத் தினுசில் ஆர்கன்காரிக்கு ஓர் அடிவரியும் அதன் மேல் சில எண்களும் மட்டும்தான் எழுதித் தருகிறோம். மிச்சத்தை அவள் விரல்கள் நிரப்பிக்கொள்ளும். குரல் மேலே பறக்கிறது, அடிவரி கீழே நடக்கிறது, இரண்டுக்கும் நடுவே காற்றோட்டமான இடம் கிடைக்கிறது. அழகே அந்த இடத்தில்தான். உன் குரலோ அடிவரி நடக்கும் அதே சந்தில் நடக்கிறது. குறுகலான சந்தில் இரண்டு கழுதைகள் எதிரெதிரே வந்த கதையாகிவிடும். ஆண் கீழ்க்குரலுக்கு எழுதுகிற பெரிய கெட்டிக்காரர்களே இதற்கு வழி தெரியாமல், குரலையும் அடிவரியையும் ஒன்றாகவே ஓட்டிவிடுகிறார்கள். அதற்குப் பெயர் பாட்டு இல்லை, சத்தமான ஆர்கன்.

என்னால் முடியாது, லிவியா. கோபித்துக்கொள்ளாதே.

அர்செனியோ

பி.கு. உன் குரல் உண்மையில் எதுவரை இறங்குகிறது? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


லோதி
பிப்ரவரி 27

அண்ணாவுக்கு,

"சும்மா தெரிந்துகொள்ள" நீ எதையும் கேட்டதில்லை.

பிபியானாவைக் கூட்டிக்கொண்டு ஆர்கன் பக்கத்தில் போய் நின்றேன். அவள் ஒவ்வொரு கட்டையாகக் கீழே இறங்கிக்கொண்டே போனாள். நானும் கூடவே இறங்கினேன். இடது கைப்பக்கத்தின் கடைசிக் கட்டைகளுக்கு வந்ததும் அவள் கையை எடுத்துவிட்டாள். "போதும் தெயோதோரா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது" என்றாள். இன்னும் ஒரு படி மிச்சம் இருந்தது. வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். பாடினேன். குரல் கரகரக்கவில்லை, நின்றது. ஆர்கன் பெட்டியின் மேல் இருந்த மெழுகுவர்த்தித் தண்டு தானாகக் கிணுகிணுத்தது.

சந்து, கழுதை என்றெல்லாம் எழுதியிருந்தாய். நான் உன்னிடம் கேட்டது பாட்டு. சாக்குப்போக்கு எனக்கு மடத்திலேயே தாராளமாகக் கிடைக்கிறது.

தெயோதோரா


பெல்லானோ
ஏப்ரல் 22

லிவியா,

இத்துடன் பாட்டு இருக்கிறது. தாள் நனைந்துவிடக் கூடாது என்று மெழுகுத் துணியில் சுற்றியிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் நம்பமாட்டாய். அந்த மெழுகுவர்த்தித் தண்டு மனசை விட்டுப் போகவே இல்லை. எழுதினேன், கிழித்தேன். திரும்பத் திரும்ப அதே சந்து, அதே கழுதைகள்.

போன மாதம் அக்கரை ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போனேன். நடு ஏரியில் படகுக்காரன் துடுப்பை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டு, "காத்து வரட்டும் சாமி, பிரேவாக் காத்து வந்தா அதுவே கொண்டு போய் விட்டுரும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. மலை உச்சிக் கோயில்களின் சின்ன மணிகள் அடித்தன. நான் குனிந்து தண்ணீரைப் பார்த்தேன். எனக்குக் கீழே எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று அந்த வினாடிதான் தெரிந்தது. இத்தனை நாள் அதன் மேல்தான் போய்வந்துகொண்டிருந்தேன், பயந்ததே இல்லை. அன்றைக்குப் பயம் வந்தது. ஆனால் அது கெட்ட பயம் இல்லை. மண்டியிடத் தோன்றுமே, அந்த மாதிரி.

அப்போது புரிந்தது. நான் உன்னை அடிவரிக்கு மேலே தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்க வேண்டியது ஆர்கனை.

பாட்டின் வார்த்தைகளை எங்கள் பங்குச் சாமியார் எவுசேபியோ லத்தீனில் எழுதித் தந்தார். "ஆழமே, உன் அடியில் யார் நிற்கிறார்? நான் விழுந்தேன், விழுந்த இடத்தில் அவர் கை இருந்தது" என்பதுதான் சாரம். முதல் பாதியில் நீயும் ஆர்கனும் மரியாதையாக ஒருவருக்கொருவர் வழிவிட்டுப் போகிறீர்கள். "விழுந்தேன்" என்ற சொல்லில் நீ இறங்கத் தொடங்குகிறாய். அதே நேரம் ஆர்கன் ஏறத் தொடங்குகிறது. பிபியானாவின் இடது கை மேலே மேலே போய்விடும். கீழே யாரும் இருக்கமாட்டார்கள், நீ மட்டும்தான். "அவர் கை" என்ற இடத்தில் உன் கடைசிப் படி வருகிறது. அங்கே ஆர்கன் உன்மேல் நிற்கும். நீதான் தரை.

நான் பாடிப் பார்த்தேன். எனக்கிருப்பது கொசுக் குரல், அந்த இடத்தில் வெறும் காற்றுத்தான் வந்தது. எழுதியவனுக்கே கேட்கக் கிடைக்காத பாட்டை உனக்கு அனுப்புகிறேன்.

அண்ணன்


லோதி
ஜூன் 6

அண்ணா,

தாயார் கொலோம்பா அனுமதித்ததால் இதை எழுதுகிறேன். இதுவும் எத்தனை நாளைக்கோ தெரியாது.

மே கடைசியில், எங்கள் புனித பெத்ரோனில்லா திருநாளன்று, மாலை வழிபாட்டில் உன் பாட்டைப் பாடினேன். எப்படிப் பாடினேன் என்று எனக்குத் தெரியாது. ஆர்கன் மேலே போனதும் காலடியில் பூமி இல்லாதது போல இருந்தது. அப்புறம் நானே பூமியாக இருந்தேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

பாடி முடித்ததும் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஒரு இருமல்கூட இல்லை. அப்புறம் ஒருவன் கத்தினான். தொப்பி செய்யும் ஜெர்வாசோ என்று பிறகு தெரிந்தது.

"உள்ள ஆம்பள இருக்கான்யா! கன்னிமாடத்துக்குள்ள ஆம்பள பாடுறான்!"

கோயில் இரண்டுபட்டது. பெண்கள் அழுதார்கள், ஆண்கள் மடத்து வாசலில் வந்து இடித்தார்கள். மறுநாளே ஆயரின் முதன்மைக் குரு ஆட்களோடு வந்துவிட்டார். நிலவறை, தானியக் கிடங்கு, துணி வெளுக்கும் கூடம், எதையும் விடவில்லை. வாசல் காக்கும் சகோதரி மார்சியானா விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். "கோழிக் கூட்டையும் பாத்துருங்க சாமி. அங்க ஒரு சேவல் இருக்கு. அவனத் தவிர இங்க ஆம்பள கெடையாது" என்றாள். அவர் சிரிக்கவில்லை.

தாயார் என்னைக் காட்டி, "பாடுனது இவதான், சாமி" என்றார். முதன்மைக் குரு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் எவ்வளவு சின்ன உருவம் என்று உனக்குத் தெரியும். "ஏமாறுறதுக்கு நான் கொழந்த இல்ல. பொம்பளைக்கு இந்தக் குரல் கெடையாது. அப்படியே இருந்தாலும் அது தேவன் குடுத்ததா இருக்காது" என்றார்.

ஆர்கனைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விட்டார். புனித பேதுரு திருநாள் கழிந்ததும் விசாரணை. ஆண் இருந்தான் என்று முடிவானால் தாயாரை நீக்கி எங்களை வேறு வேறு மடங்களுக்குப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். ஆண் இல்லை என்று முடிவானால் என்னை ஓர் அறையில் வைத்துப் பேய் ஓட்டுவார்கள். எழுதியது பெல்லானோ அர்செனியோ என்று தாளில் இருப்பதால், நீயே ஒளிந்திருந்து பாடினாயோ என்றும் ஒரு பேச்சு.

ஆஞ்செலிகா இப்போது என்னோடுதான் படுக்கிறாள், எனக்குத் துணையாக. பாதாளம் என்று இனி சொல்லமாட்டாளாம்.

தெயோதோரா


பெல்லானோ
ஜூன் 15

லிவியா, என் தங்கமே,

உன் கடிதத்துக்கு முன்பே அவர்கள் என்னிடம் வந்துவிட்டார்கள். திருநாளன்று நான் பெல்லானோவில்தான் இருந்தேன் என்று எவுசேபியோ சாமி சத்தியம் செய்தார். அதற்குப் பிறகு அவர்கள் என்னைப் பாடச் சொன்னார்கள். நான் பாடியதும் எழுத்தர் சிரித்துவிட்டார். என்மேல் சந்தேகம் தீர்ந்தது.

இப்போது நான் சொல்வதைக் கேள். தாயாரும் இதைப் படித்து, தயவுசெய்து கேட்க வேண்டும். அது ஆர்கன் குழாய் என்று சொல்லிவிடு. உங்கள் ஆர்கனில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பெரிய குழாய் இருக்கிறது. அது பழசாகி மனிதக் குரல் போல முனகுகிறது என்று பிபியானா சொல்லட்டும். நீ சும்மா உதட்டை அசைத்தாய் என்று சொல்லிவிடு. நம்புவார்கள், ஏனென்றால் நம்பத்தான் விரும்புவார்கள். ஆணும் இல்லை, பேயும் இல்லை, பழுதான குழாய். இரண்டு நாளில் ஊர் மறந்துவிடும்.

பாட்டை எரித்துவிடு. இன்னொன்று எழுதலாம், ஆஞ்செலிகாவுக்கு எழுதலாம். எனக்குத் தங்கை ஒருத்திதான் இருக்கிறாள்.

அர்செனியோ


லோதி
ஜூலை 9

அண்ணா,

நீ சொன்னதைத் தாயாரும் படித்தார். பிறகு, "உங்க அண்ணன் பாசத்துல எழுதியிருக்கான். நீ என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன். உன் தொண்டை, நீதான் பதில் சொல்லணும்" என்றார். மடமே பறிபோகும் நிலையில் இருந்த தாயார் அதைச் சொன்னார்.

பிபியானா குழாய் என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தாள்.

முதன்மைக் குரு வெளிக்கோயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் இரண்டு குருக்கள், ஓர் எழுத்தர். ஜெர்வாசோவும் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றான். கம்பி ஜன்னலின் திரையை விலக்கச் சொன்னார்கள். அந்தத் திரை விலகி நான் பார்த்ததே இல்லை. ஆர்கனுக்குப் பின்னால் துருத்தி மிதிப்பவளைத் தவிர வேறு யாரும் மறைவில் நிற்கக் கூடாது என்று எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஆர்கன் பெட்டியைத் திறந்து உள்ளேயும் பார்த்தார்கள்.

"அன்னிக்குப் பாடுனது எது? குழாயா, ஆளா?" என்று கேட்டார்.

குழாய் என்று அவரே எடுத்துக் கொடுக்கிறார் பார், அண்ணா. ஒரு தலையசைப்பு போதும். பிபியானா என் முகத்தையே பார்த்தாள்.

"நான்தான், சாமி" என்றேன்.

"முக்காட்டத் தூக்கு. ஒதடு தெரியணும். பாடு."

பாடினேன். முதல் பாதியில் அவர் முகம் கல்லாகத்தான் இருந்தது. "விழுந்தேன்" வந்தது. ஆர்கன் ஏறியது, நான் இறங்கினேன். அப்போது திடீரென்று ஆர்கன் நின்றுவிட்டது. ஆர்கனுக்குக் காற்றுக் கொடுக்கும் துருத்தியை மிதிக்கும் சகோதரி அழுதுகொண்டே மிதிக்க மறந்துவிட்டாள் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு மேலே ஒன்றும் இல்லை, கீழேயும் ஒன்றும் இல்லை. நிறுத்தலாமா என்று நினைக்கக்கூட நேரம் இல்லை. "அவர் கை" என்ற இடத்துக்கு நான் தனியாகவே போய்ச் சேர்ந்தேன்.

அண்ணா, அங்கே நிஜமாகவே ஏதோ இருந்தது. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

முடித்த பிறகு பார்த்தால் ஜெர்வாசோ மண்டியிட்டுக் கிடந்தான். எழுத்தர் பேனாவைத் தாளின் மேலேயே ஊன்றி வைத்திருந்தார். மை பரவிக்கொண்டிருந்தது, அவர் கவனிக்கவில்லை. முதன்மைக் குரு நெடுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அந்தக் கடைசி எடம் மட்டும்... இன்னொரு தடவ பாடு" என்றார். பக்கத்துக் குரு திரும்பிப் பார்த்ததும், "விசாரணைக்காகத்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

இன்னொரு தடவை பாடினேன்.

தீர்ப்பை அங்கேயே சொன்னார். குரல் ஒரு பெண்ணுடையது, கண்ணால் கண்டேன், இதில் கெட்டது எதுவும் இல்லை. ஆர்கன் சாவியைத் தாயாரிடம் கம்பி வழியாகக் கொடுத்தார். பாட்டைப் பாடலாம். ஆனால் அதைப் பாடும்போது வெளிக்கோயிலில் ஊர் ஜனம் இருக்கக் கூடாது, கதவைச் சாத்திவிட வேண்டும். தாயார் காரணம் கேட்டார்.

"நானே தாங்கல. ஜனங்க எப்படித் தாங்குவாங்க?" என்றார்.

ஆகவே இனி எங்களுக்குள் மட்டும் பாடுவேன். ஊரும் கேட்காது, நீயும் கேட்கமாட்டாய். வருத்தம்தான். ஆனாலும் குழாய் என்று சொல்லவில்லை, அண்ணா. கோபமா?

உன் தெயோதோரா


லோதி, ஆற்றங்கரைச் சத்திரம்
செப்டம்பர் 9

லிவியா,

முகவரியைப் பார்த்துத் திடுக்கிடாதே. நான் உன் மடத்துச் சுவரிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறேன். நேற்று மாதா பிறந்த திருநாளுக்கு வந்து சேர்ந்தேன். உனக்குச் சொல்லிவிட்டு வந்தால், நான் வாசலில் நிற்பது தெரிந்து நீ கலங்கிப்போவாய் என்று சொல்லாமல் வந்தேன்.

மாலை வழிபாட்டின் பாதியில் கோயில் மணியக்காரர் வந்து, "எல்லாரும் எந்திரிங்க, வெளிய போங்க" என்று விரட்டினார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. வழக்கமாக நடப்பது போலவே எழுந்து போனார்கள். கதவு சாத்தப்பட்டது. வீட்டுக்குப் போவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. எல்லாரும் கதவோடு வந்து ஒட்டிக்கொண்டார்கள். மீன்காரிகள், படகுக்காரர்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி, இரண்டு ஸ்பெயின் சிப்பாய்கள். ஜெர்வாசோ என்று கூப்பிடப்பட்ட ஒருவன் முதியவர்களுக்கு முன்னால் இடம் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

தடித்த ஓக் கதவு. என் காதுக்கு ஆர்கன் மட்டும் லேசாகக் கேட்டது. உன் குரல் கேட்கவே இல்லை. இவ்வளவு தூரம் வந்தும் இல்லையா என்று காதைக் கதவோடு இன்னும் அழுத்தினேன். பக்கத்தில் நின்ற மீன்காரி என்னைப் பார்த்தாள்.

"வெளியூரா? காத வச்சுக் கேக்காதீங்க. கைய வைங்க" என்று என் கையைப் பிடித்து விரித்துக் கதவின் மேல் வைத்தாள்.

மரத்துக்குள் நீ இருந்தாய்.

உள்ளங்கையில் ஆரம்பித்தது. மணிக்கட்டுக்கு வந்தது, நெஞ்செலும்புக்கு வந்தது. நீ இறங்க இறங்கக் கதவு முழுக்க மெல்ல அதிர்ந்தது. எந்தச் சொல்லில் நிற்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. நான் எழுதியவன் அல்லவா? ஆனால் நான் எழுதியது மையும் கோடும். இதை நான் எழுதவில்லை, லிவியா. கடைசிப் படியில் கைக்குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தது. சிப்பாய்களில் ஒருவன் நெற்றியை மரத்தில் வைத்துக்கொண்டான்.

கோபமா என்று கேட்டிருந்தாய். அந்தக் குழாய் யோசனை எழுதியிருந்த என் கடிதத்தைத் தயவுசெய்து அடுப்பில் போட்டுவிடு.

அதிர்வு நின்றது. யாரும் கையை எடுக்கவில்லை. எல்லாரும் அப்படியே முழு எடையோடும் சாய்ந்து நின்றோம். உள்ளே மணியக்காரர் தாழ்ப்பாளை விலக்கியது எங்களில் ஒருவர் காதிலும் விழவில்லை. கதவு உள்பக்கமாகத் திறந்துகொண்டது. நாங்கள் அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவராகக் கோயிலுக்குள் போய் விழுந்தோம், முழங்கால் தரையில் மோத. மணியக்காரர் "ஐயோ, அடி பட்டுருச்சா, எந்திரிங்க, எந்திரிங்க" என்று பதறினார்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

உன் அண்ணன்,
அர்செனியோ